முப்பத்தேழு ஜோடி

மதியம் பன்னிரண்டு பத்துக்கு மேனேஜர் "காலி" என்று சொன்னார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு மணிக்குள் மலையிறங்கிச் சாப்பிட வேண்டும் என்று காலையிலிருந்து நாற்பது முறை சொல்லியிருந்தவரும் அவரே. கேரளத்து மலையொன்றின் உச்சியில், ஒரு பழைய ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்துக்கு ஏறும் படிகளின் அடியில், எங்கள் கூட்டத்தின் செருப்புகள் கிடந்த இடம் வெறும் செம்மண்ணாக இருந்தது. அவருடைய பாஷையில் காலி என்றால் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். "ஏறு, ஏறு, காலி!" என்று கையைத் தட்டினார். முதல் வேன் முன்பே போயிருந்தது; இரண்டாவதும் கிளம்பியது. பன்னிரண்டு வயதான என் மகள் மலைமேலேயே இருந்தாள்.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு அவருடையது. ஒரு கல்யாண மண்டபத்தில் இருபது வருடத்துக்கு மேல் மேனேஜராக இருந்தவர். தெருவே அவரை மேனேஜர் என்றுதான் கூப்பிட்டது. அவரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவருக்குப் பெயர் மனதில் நிற்காது. செருப்பு நிற்கும்.

மண்டபத்துக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்பதை மற்ற மேனேஜர்கள் நாற்காலிகளைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள், அல்லது கல்யாண வீட்டுக்காரரைக் கேட்பார்கள். இவர் வாசலுக்குப் போவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கழற்றிப் போட்ட செருப்புகளின் ஓரமாக, கலெக்டர் வெள்ளச் சேதத்தைப் பார்வையிடுவதுபோல ஒரு நடை நடப்பார். திரும்பி வந்து சமையல்கட்டுக்குள் தலையை நீட்டி, "முந்நூத்திப் பத்து ஜோடி. அதுல சின்னப்பிள்ளைக செருப்பு நாப்பது. சோறு போதும், வெஞ்சனத்தை மட்டும் கூடக் கொஞ்சம் பாத்துக்க" என்பார். கணக்கு பெரும்பாலும் சரியாக இருக்கும். சரியாக இல்லாத நாட்களில் தப்பு சாப்பிட்டவர்கள் மேல்.

"ஆளை எண்ணவே கூடாது தாயி" என்று ஒருமுறை எனக்கு விளக்கினார். "ஆளு அலைஞ்சுக்கிட்டே இருப்பான். அங்கிட்டு ஒருதரம் எண்ணுவோம், அவனே இங்கிட்டு வந்து பல்லைக் காட்டிக்கிட்டு நிப்பான், மறுபடியும் எண்ணுவோம். செருப்பு அப்படியா? போட்ட எடத்துல கெடக்கும். அதுபாட்டுக்குக் கெடக்கும்."

மண்டப வாசலில் 'காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்' என்று ஒரு பலகை வைத்திருந்தார். பக்தியால் வைத்தது என்று நினைத்துப் பெரியவர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள். பிறகு காலம் மாறி, ஜனங்கள் ஷூவோடு பந்தியில் உட்கார ஆரம்பித்தார்கள். அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாகவே அவர் எடுத்துக்கொண்டார். "ஷூவைக் கழட்டாமச் சாப்பிடுறான். இவனை நான் எந்த வகையில சேக்கறது?" என்று தெருவில் நின்று புலம்பினார். ஒரு கல்யாணத்தன்று ஒற்றைச் செருப்பு ஒன்று மிஞ்சிவிட்டது. நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று எல்லோரும் சொன்னோம். அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. சாயங்காலம் வரை மண்டபத்தின் அறை அறையாகத் தட்டி, உள்ளே அரை ஆள் யாராவது இருக்கிறாரா என்று தேடிக்கொண்டிருந்தார்.

என் கணவர் அவருக்கு "ஒம்பதாம் நம்பர்". எதிர்வீட்டுத் தையல்காரர் "தேஞ்ச குதிங்கால்". நான் "ரெட்டை வார்". என் மகள் முதலில் "ரெண்டாம் நம்பர் பாப்பா" ஆக இருந்து, வருடம் போகப்போக "நாலாம் நம்பர் பாப்பா" ஆனாள். அவள் வளர்ச்சியை அவ்வளவு கவனமாகக் குறித்துக்கொண்டவர், அவளை ஒருநாளும் பெயர் கேட்டதில்லை. எங்கள் வாசலைக் கடக்கும்போது உள்ளே எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். படியைப் பார்த்துவிட்டு, "என்ன, தொப்பம்பட்டிலருந்து உங்க அண்ணன் வந்திருக்காப்ல போல?" என்பார். வந்திருப்பார்.

துக்க வீடுகளில்தான் அவரைப் பார்க்க எரிச்சலாக வரும். மாலையைப் போட்டுவிட்டு, ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றுவிட்டு, நேராக வாசலுக்கு வந்துவிடுவார். கலைந்து கிடக்கும் செருப்புகளை வரிசையாக வைப்பார். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு வேலை மிச்சம் என்று நினைப்போம். சாயங்காலம் டீக்கடையில் முடிவை அறிவிப்பார்: "பரவாயில்ல, மனுசன் நூத்தி எண்பது ஜோடி சேத்திருக்காரு. போன மாசம் அந்த வக்கீலுக்கு எம்புட்டுங்கறீங்க? அறுபத்தி அஞ்சு. அதுலயும் பாதி வாடகைக்குக் குடியிருந்தவுக." செத்தவர்களின் தராதரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அந்த வக்கீலின் மனைவி அடுத்த தெருவில்தான் இருந்தார் என்பது அவர் நினைவுக்கு வரவே வராது. அந்த அம்மாள் எத்தனை நம்பர் போடுவார் என்பது வரும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு கல்யாணத்தில் என் புதுச் செருப்பு தொலைந்துபோனது. "தொலையலை, மாறிப்போச்சு" என்றார். நான் வேறு வாங்கிவிட்டேன். பத்து நாள் கழித்து அதே செருப்பைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். சின்னாளப்பட்டி பஸ் ஸ்டாப்பில் ஒரு அம்மாள் காலில் பார்த்தாராம். "தாயி, இது உங்க செருப்பு இல்லையே" என்று நடுரோட்டில் கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் அசிங்கமாகத் திட்டியிருக்கிறார். இவர் நிதானமாக, "திட்டுங்க. ஆனா வலது பக்கம் உள்வாட்டுல ஒரு தையல் விட்டிருக்கும், பாத்துட்டுத் திட்டுங்க" என்றாராம். பார்த்தால் விட்டிருந்தது. அந்த அம்மாள் வெறுங்காலோடு வீட்டுக்குப் போகக்கூடாதே என்று பக்கத்துக் கடையில் ரப்பர் செருப்பு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பதா கும்பிடுவதா என்று தெரியவில்லை.

மண்டபத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வருடத்துக்கு ஒருமுறை தெருக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு சுற்றுலா போக ஆரம்பித்தார். எங்கள் தெருவில் கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் பாதிக்குப் பாதி. அதனால் ஒவ்வொரு சுற்றுலாவிலும் ஒரு கோயில், ஒரு சர்ச், ஒரு அணை. நான் எதற்கும் மூன்று முறை கேட்கிறவள். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். பயந்தவர்களுக்கு உறுதியாகப் பேசுகிறவர்களைப் பிடித்துப்போகிறது. மேனேஜரைவிட உறுதியாகப் பேசுகிற ஆள் திண்டுக்கல்லில் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கேரளத்துக்குக் கிளம்பியபோது கணவருக்கு வேலை இருந்தது. நானும் மகளும் மட்டும் போனோம்.

விடியும் முன்பே கிளம்பினோம். செம்பட்டியில் டீ குடிக்க நிறுத்தியபோது யாரும் எதையும் கழற்ற வேண்டியிருக்கவில்லை. பாவம், டீ கிளாஸ்களை எண்ணிக்கொண்டு சமாளித்தார். மகள் முன் வேனில், அவள் தோழி ஜெனியின் குடும்பத்தோடு உட்கார்ந்துகொண்டாள். நான் பின் வேனில், மேனேஜருக்குப் பின் சீட்டில்.

மலைப்பாதையில் அவர் எழுந்து நின்று விளக்கம் சொன்னார். "நம்ம போற எடம் ஆர்த்தடாக்ஸ் சர்ச்சு. நம்மூரு சர்ச்சு மாதிரி இல்ல. ரொம்பப் பழசு, ரொம்ப ஆச்சாரம். உள்ள பெஞ்சு கெடையாது, நின்னுதான் கும்பிடணும். செருப்பு வெளியில."

பெஞ்சு கிடையாது என்றதும் எங்கள் தெருக் கத்தோலிக்கர்கள் முகம் சுளித்தார்கள். செருப்பு வெளியில் என்றபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

வேன்கள் நிற்கும் இடத்திலிருந்து தேவாலயத்துக்கு அறுபது, எழுபது படி. படிகளின் உச்சியில் ஆளைவிடப் பெரிய கல் சிலுவை ஒன்று, ஊர்க்காரர் பாஷையில் குருசு. அந்த ஊர்க்காரர்கள் மேலே போய்த் தேவாலய வாசலில்தான் செருப்பைக் கழற்றுகிறார்கள். மேனேஜர் அதற்கு ஒப்பவில்லை. "மேல போயி கண்ட எடத்துல கழட்டிப் போட்டா நான் எதைப் பாக்குறது? எல்லாரும் இங்கனயே கழட்டுங்க" என்று படியடியில் பள்ளிக்கூட அசெம்பிளிபோல வரிசையாக வைக்கச் சொன்னார். குனிந்து எண்ணினார். "முப்பத்தேழு ஜோடி. நம்ம முப்பத்தேழு பேரு. சரியாப் போச்சு." வெயிலில் காய்ந்த கல்லில் நாங்கள் முப்பத்தேழு பேரும் குதித்துக் குதித்து ஏறினோம்.

உள்ளே போனதும் வாய் அடங்கிவிட்டது. கருத்த மரக்கூரை, சாம்பிராணி வாசம், பித்தளை விளக்கிலிருந்து எண்ணெய்ப் புகை. பலிபீடத்தை ஒரு சிவப்புத் திரை மறைத்திருந்தது. அந்தத் திரைக்குப் பின்னால் என்ன என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் முன்னால் நின்று, என்ன சொல்லி வேண்டுவது என்று தெரியாமல், வழக்கம்போல மகளுக்காக வேண்டிக்கொண்டேன். அவள் பின்னால் எங்கோ ஜெனியோடு நின்றிருந்தாள்.

தேவாலயத்தின் பின்பக்கம் நட்டுவைத்த பெரிய கற்கள் சில இருந்தன. தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் முதியவர் அவற்றைக் காட்டி, இந்தத் தேவாலயம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்னால் இங்கே ஆட்களைப் புதைத்த இடம் என்று மலையாளத்தில் சொன்னார்.

"எத்தனை பேரு?" என்றார் மேனேஜர்.

"அறியில்லா."

"தெரியாதா? எண்ணாமயா பொதைச்சாங்க?" என்று அவர் எங்களைப் பார்த்து வருத்தப்பட்டார். பிறகு தன் இடத்துக்கு, அதாவது படியடிக்கு, இறங்கிப் போய்விட்டார்.

ஒவ்வொருவராக இறங்கி, அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டோம். முன் வேன் முதலில் கிளம்பியது. நான் கேட்டேன்: "பிள்ளைங்க எல்லாரும் ஏறியாச்சாண்ணே?"

"ஏறியாச்சு தாயி."

"பாத்தீங்களா?"

"காலி தாயி! கீழ ஒரு ஜோடி கெடக்குதா பாருங்க."

பார்த்தேன். ஒன்றும் இல்லை. மூன்றாவது முறை கேட்கவில்லை. வேன் திரும்பும்போது, மேலே குருசின் பக்கத்தில் முக்காடு போட்ட உள்ளூர்ப் பெண் ஒருத்தி கையாட்ட, நானும் ஜன்னலிலிருந்து சிரித்துக் கையாட்டினேன்.

அடிவாரத்தில் ஒரு ஓட்டலில் இலை போட்டிருந்தார்கள். முன் வேன்காரர்கள் பாதி சாப்பிட்டுவிட்டிருந்தார்கள். ஜெனியின் பக்கத்தில் அவள் அம்மா இருந்தாள், அப்பா இருந்தார். "யாழினி எங்கடி?" என்றேன்.

ஜெனி அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "உங்ககூட வரலையா ஆன்ட்டி? வாந்தி வர்ற மாதிரி இருக்கு, அம்மாகூட அந்த வேன்ல வந்துர்றேன்னு சொன்னாளே."

அதன்பின் கொஞ்ச நேரம் நான் என்ன செய்தேன் என்று கோர்வையாக நினைவில்லை. கழிவறைக் கதவைத் தட்டியது நினைவிருக்கிறது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மேனேஜர் மட்டும் அசையவில்லை.

"இருக்காது தாயி. காலி பண்ணிட்டுத்தான கெளம்புனோம். பிள்ளை இங்கனதான் எங்கிட்டாவது இருக்கும்."

சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு, மேசை மேசையாகக் குனிந்து அடியில் தெரியும் கால்களைப் பார்த்துக்கொண்டே போனார். என் பெண்ணைக் காணோம் என்று நான் அலறிக்கொண்டிருக்கிறேன். இந்த மனிதர் முப்பத்தாறு பேரின் முழங்காலுக்குக் கீழே தேடிக்கொண்டிருக்கிறார். அவர் மண்டையில் ஓங்கி ஒன்று வைக்க வேண்டும்போல இருந்தது. ஜெனியின் அப்பாதான் பிடித்து நிமிர்த்தி, "யோவ் மேனேஜரே, சர்ச்சுக்குப் போனைப் போடுய்யா!" என்று கத்தினார்.

சுற்றுலாவுக்கு அனுமதி கேட்டுப் பேசிய எண் அவரிடம் இருந்தது. அடித்தார். அந்த முதியவர்தான் எடுத்திருக்க வேண்டும். "ஒரு பொம்பளப்பிள்ளை… எங்க பிள்ளை… அங்கன நிக்குதான்னு பாருங்க. ஆமா. நாலாம் நம்பர் இருக்கும்… இல்ல, காலு. காலு!" என்றவர், போனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை பேரு கேக்குறாக. பேரு என்னம்மா?"

நாங்கள் அந்தத் தெருவுக்கு வந்து ஒன்பது வருடம். எங்கள் வீட்டுப் பொங்கலைத் தூக்குவாளியில் கொண்டுபோய் அவர் வீட்டில் கொடுத்ததே அவள்தான்.

(இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எங்கள் வாசலைக் கடக்கும்போதெல்லாம் அவர் "யாழினி!" என்று கூப்பிட்டார். அவள் எட்டிப் பார்த்தால், "ஒண்ணுமில்லத்தா, படி" என்று சொல்லிவிட்டு நடப்பார். காலையிலும் கூப்பிடுவார், மாலையிலும் கூப்பிடுவார். அவளுக்கு அது பெரிய இம்சையாக இருந்தது. அடுத்த வருடம் அவர் தம்பி வீட்டோடு போய்விட்டார். சுற்றுலாவும் நின்றுபோனது.)

"யாழினி" என்றேன். அவர் அதைப் போனில் சொன்னார். "நோக்கட்டே" (பார்க்கிறேன்) என்ற குரல் எனக்கும் கேட்டது. இணைப்பு துண்டிக்கப்பட்டது. மறுபடி அடித்தால் யாரும் எடுக்கவில்லை.

ஓட்டலை ஒட்டி நின்றது முன் வேன்தான். அதில் ஓடிப்போய் ஏறினேன். மேனேஜரும் ஏறினார். என் போன் சார்ஜ் தீர்ந்து பின் வேனில் சார்ஜரில் செருகிக் கிடந்தது. அதை ஜெனியின் அம்மா ஓடிப்போய் எடுத்துவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். வண்டி திரும்பும்போது, சீட்டுக்கு அடியிலிருந்து ஏதோ உருண்டு என் காலில் இடித்தது. யாழினியின் செருப்பு. பக்கிள் வைத்த புதுச் செருப்பு. கழற்றி மாட்டச் சோம்பல்பட்டு, வண்டியிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு படியேறியிருக்கிறாள்.

மேனேஜர் அதைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். உதடுகள் அசைந்தன.

"அப்ப முப்பத்தாறுதான வரணும்" என்றார். பிறகு, "ஒரு பச்சை வார் இருந்துச்சு. ரப்பர் செருப்பு. கடைசிக்கு முந்தின ஜோடி. அந்த ஊருப் பொம்பள யாரோ, வரிசையா இருக்கவும் இங்கனதான் விடணும்போலன்னு விட்டுட்டுப் போயிருக்கு. நம்ம ஆளுக யாருமே பச்சை வார் போடுறது இல்லையே… நான் எண்ணுனேன் தாயி. பாக்கலை."

வேறு நேரமாக இருந்தால் அந்தக் குரலுக்கு நான் இரங்கியிருப்பேன். அப்போது என் வாயில் வந்தது வேறு.

"எப்படிப் பாப்பீங்க? உங்களுக்கு நாங்கள்லாம் மனுசங்களா, செருப்பு ஸ்டாண்டா? ஒன்பது வருசத்துல எம்புள்ளை மூஞ்சிய ஒருநாள், ஒருநாளாச்சும் நிமிந்து பாத்திருக்கீங்களா? காலுக்கு மேல பாக்கவே மாட்டீங்களா நீங்க? மூஞ்சியே தெரியாத ஆளை நம்பி நான் பிள்ளையக் கூட்டிட்டு வந்தேன் பாருங்க!"

ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டுப் பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டார். மேனேஜர் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கிளைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். நான் போனை உயிர்ப்பித்தேன். தெரியாத எண்ணிலிருந்து ஏழு அழைப்புகள் வந்திருந்ததாகக் குறுஞ்செய்தி காட்டியது. திருப்பி அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பள்ளம் இருந்தது. ஏறும்போது அந்தப் பள்ளங்களை அழகு என்று சொல்லியிருந்தேன்.

ஐந்தாவது வளைவிலோ ஆறாவதிலோ மேலிருந்து ஒரு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது. எங்கள் ஓட்டுநர் ஒதுங்கி நிறுத்தினார். ஜீப்பும் நின்றது. ஓட்டியவர் தாடி வைத்த, வெள்ளை அங்கி போட்ட பாதிரியார். பக்கத்து சீட்டில், தலையை மூடி வெள்ளை முக்காடு போட்ட உள்ளூர்ப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என் பிள்ளை எங்கே? வேன் கதவைத் திறந்துகொண்டு ஓடி, பாதிரியார் பக்கம் போய் நின்று, "சாமி, ஒரு பொண்ணு… எம்பொண்ணு…" என்றேன். அவர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார், பக்கத்து சீட்டைப் பார்த்தார்.

முக்காடு போட்ட பெண் மறுபக்கமாக இறங்கி, வெறுங்காலோடு ஜீப்பைச் சுற்றி வந்தாள். யாழினி. தலையில் துணியில்லாமல் உள்ளே நின்றதற்குத் தேவாலயத்தில் யாரோ ஒரு அம்மாள் போட்டுவிட்டதாம். அழுது முடித்த கண். என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. எனக்குப் பின்னால் வந்து நின்ற மேனேஜரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"குருசுகிட்ட நின்னு ரெண்டு கையையும் ஆட்டுனேம்மா. நீ ஜன்னல்லருந்து என்னையப் பாத்துச் சிரிச்சு, கை ஆட்டிட்டுத்தான போன. நீ பாத்துட்டேன்னுதான் நான் கத்தலை."